கொழும்பிலிருந்து ரொறன்ரோ: 14,000 கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ விமானச்சீட்டு விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்வியை வெவ்வேறு குரலில் கேட்கலாம்: கனடாவுக்கு எத்தனை மணித்தியாலம்? முகவர் கணினியைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதைத் தொலைபேசியில் ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ சொல்வார். அந்த எண் பிழையானதல்ல. ஆனால் போரால் சிதறிய எங்கள் குடும்பங்களுக்கு அது கணக்கின் அரைவாசி மட்டுமே. மீதி அரைவாசி கையிலுள்ள கடவுச்சீட்டிலும் வீசாவிலும் இருக்கிறது.

கொழும்பிலிருந்து பல வருடங்களாகப் புலம்பெயர்வு தொடர்பாக எழுதி வருகிறேன். இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. தூரம், பறக்கும் நேரம், இடைத்தங்கல், நேர வித்தியாசம், ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன்.

பந்தில் நூல் பிடித்தால்

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமியின் முழுச் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். அதாவது உலகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால் கனடா இலங்கைக்கு மேற்கே, ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி இருப்பதாகத் தோன்றும். பாடசாலைப் பூமிப்பந்து ஒன்றில் இரண்டு இடங்களுக்கும் நடுவே நூல் ஒன்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது, கிட்டத்தட்ட நேர் வடக்கே போகும். இந்தியாவின் மேற்குப் பகுதி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வட பகுதி, கிரீன்லாந்து, கியூபெக் என்று அது கடக்கும். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவே இருப்பது வடதுருவப் பக்கம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் சனம் பரவி வாழும் வேறு சில நகரங்களுக்கான நேர்கோட்டுத் தூரங்கள் இவை:

சென்னை – சுமார் 650 கி.மீ.
சூரிச் – சுமார் 8,000 கி.மீ.
மெல்பேர்ன் – சுமார் 8,350 கி.மீ.
பாரிஸ் – சுமார் 8,500 கி.மீ.
லண்டன் – சுமார் 8,700 கி.மீ.
ரொறன்ரோ – சுமார் 14,000 கி.மீ.

நேரடி விமானம் ஏன் இல்லை

லண்டனுக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. போக ஏறத்தாழ 11 மணித்தியாலம், வர அதைவிடச் சற்றுக் குறைவு. ரொறன்ரோவுக்கு அப்படி ஒரு விமானம் இல்லை. தூரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தை, 18 மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் பறக்கும் சேவை நடக்கிறது. ஆனால் அதற்கென்று அமைக்கப்பட்ட நெடுந்தூர விமானம் வேண்டும், அதிக கட்டணம் கொடுக்கும் பயணிகள் நாளாந்தம் வேண்டும், வழியிலுள்ள நாடுகளின் வான்பரப்பு திறந்திருக்க வேண்டும். ஸ்ரீலங்கனிடம் உள்ள ஏ330 ரக விமானங்கள் பயணிகளை நிரப்பிக்கொண்டு 14,000 கிலோமீற்றர் போகக்கூடியவை அல்ல.

அதனால் நாங்கள் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். இதில் ஒரு நல்ல விடயம் உண்டு. டுபாயில் மாறினால் மொத்தத் தூரம் சுமார் 14,370 கிலோமீற்றர். லண்டனில் மாறினால் சுமார் 14,420. இரண்டும் நேர்கோட்டைவிட 400 கிலோமீற்றர் அளவுதான் அதிகம். ஆகவே எந்த நகரத்தில் மாறுகிறோம் என்பதால் பறக்கும் நேரம் பெரிதாக மாறாது. அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதால்தான் மாறும்.

பறக்கும் நேரமும் பயண நேரமும்

டுபாய் வழியைக் கணக்கெடுத்தால் கொழும்பிலிருந்து டுபாய்க்குச் சுமார் நாலரை மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குச் சுமார் 14 மணித்தியாலம். வானத்தில் மட்டும் பதினெட்டரை மணித்தியாலம். லண்டன் வழியிலும் 11 மணித்தியாலமும் 8 மணித்தியாலமும் சேர்ந்து 19 ஆகிவிடும்.

திரும்பி வரும்போது நேரம் குறையும். வட அரைக்கோளத்தின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. ரொறன்ரோவிலிருந்து கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். அதனால் ரொறன்ரோவிலிருந்து டுபாய் 13 மணித்தியாலத்துக்குள் வந்துவிடும்.

இதோடு இடைத்தங்கல் 3 மணித்தியாலத்திலிருந்து 10 மணித்தியாலம் வரை, கட்டுநாயக்கவில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்பது, வெள்ளவத்தையிலிருந்து நெரிசலுக்குள்ளால் அதிவேக வீதிக்கு ஏறும் நேரம், பியர்சனில் குடிவரவு வரிசை எல்லாம் சேரும். வாசலில் காலணி போட்ட நேரத்திலிருந்து ஸ்காபரோ வீட்டு வாசல் வரை 27 முதல் 36 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வான்வழி மூடப்பட்டால் இந்தக் கணக்கும் நீளும். 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்பரப்பை மூடின. கனடாவின் விமானங்கள் இன்று ரஷ்யாவுக்கு மேலாகப் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானை மூடியபோது டில்லியிலிருந்து வட அமெரிக்கா போன விமானங்கள் சுற்றிப் போய், வழியில் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டி வந்தது. அதே வருடம் ஜூன் 23 இரவு கட்டார் தன் வானைச் சில மணித்தியாலங்கள் மூடியபோது டோஹாவில் மாற வேண்டியவர்கள் எல்லாரும் மாட்டுப்பட்டார்கள். யாருடையதோ போர் எங்கள் பயணத்தை நீட்டுவது எங்களுக்குப் புதிதல்ல.

கடிகாரத்தின் வித்தியாசம்

இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 மணித்தியாலமும், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை 4 மணித்தியாலமும் பின்னே. ஆகவே இரண்டு நகரங்களுக்கும் இடையில் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை மணித்தியாலம்.

இந்த எண்களை எங்கள் அம்மாமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர்கள் வேறொரு நேர வித்தியாசத்தோடும் வாழ்ந்தவர்கள். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே ஏறத்தாழ பத்து வருடம் அரை மணித்தியால வித்தியாசம் இருந்தது. ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும்.

இடையில் இறங்க ஒரு வீசா

இலங்கைக் கடவுச்சீட்டோடு பயணிப்பவர் சீட்டின் விலைக்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்த நாட்டில் மாறுகிறோம்?

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், தங்கள் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே வீசா கேட்கும் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. ஆப்கானிஸ்தான், சோமாலியா, ஈராக், எரித்திரியா போன்ற நாடுகளோடு இலங்கையும் அதில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்காவிட்டாலும் வீசா வேண்டும். பிரித்தானியாவும் இலங்கையரிடம் இதே மாதிரியான இடைமாறல் வீசாவைக் கேட்கிறது. செல்லுபடியான கனடா வீசா கையில் உள்ளவர்களுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. ஆனால் விமானத்தில் ஏற்றுவதா இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பவர் கட்டுநாயக்கவில் நிற்கும் விமான சேவை ஊழியர். அதனால் விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க நகரம் ஒன்றில் மாறுவதானால் அமெரிக்க வீசா கட்டாயம்.

டுபாயிலோ அபுதாபியிலோ டோஹாவிலோ வெளியே வராமல் மாறினால் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் சனம் பெரும்பாலும் வளைகுடா வழியாகப் போவதற்கு விலை மட்டும் காரணமல்ல.

கட்டுநாயக்கவுக்கு முன்னால் இருந்த தூரம்

கொழும்பு–ரொறன்ரோ என்று எழுதுகிறோம். பயணிகளில் பலருக்குக் கொழும்பு தொடங்கிய இடமல்ல, காத்திருந்த இடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வானத்தால் 330 அளவு. 1990 ஜூனில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13இல். இடைப்பட்ட 24 வருடங்களில் அந்த 400 கிலோமீற்றரைக் கடக்கச் சனம் கிளாலிக் கடலில் இரவில் படகேறியது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேறியது. வவுனியாவில் பாஸ் எடுக்க நாட்கணக்கில் கிடந்தது. பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சிறு விமானங்களும் பறந்தன. 1998 செப்டெம்பர் 29 அன்று அப்படிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 அன்று மறுபடி பூட்டியது.

இப்படி வந்து சேர்ந்தவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கினார்கள். கடவுச்சீட்டு, தூதரக நேர்முகம், வெளிநாட்டிலிருந்து வரும் காசு, ஏஜென்சிக்காரரின் அழைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும். புறப்படும் நாளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போன சைவர்கள் எத்தனையோ பேர்.

2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸாரும் படையினரும் இந்த லொட்ஜ்களுக்குள் புகுந்தார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. 14,000 கிலோமீற்றர் பயணத்துக்கு வரிசையில் நின்றவர்களைச் சில மணித்தியாலத்தில் 250 கிலோமீற்றர் பின்னுக்கு அனுப்ப முடிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்று வடக்கிலிருந்து வருபவருக்கு இந்தத் தூரம் சுருங்கியிருக்கிறது. கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கு வந்தேயாக வேண்டியதில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஒன்று திறக்கப்பட்டது. பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்ப ஆரம்பித்தது. பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பைவிடச் சென்னை நேரத்தால் கிட்ட. ஆனால் சென்னை வழியாக மேற்கே போகத் தனித்தனிச் சீட்டு எடுத்தால், பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். அதற்கு இந்திய வீசா வேண்டும்.

செத்தவீட்டுக் கணக்கு

இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் எங்கள் வீடுகளில் ஒரே மூச்சில் போட்டுப் பார்ப்பது மரணம் நடந்த இரவில்தான். கொள்ளி வைக்க மகன் வர வேண்டும். எப்போது எடுப்பது?

வெள்ளிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் ஒருவர் இறந்தால், குளிர்காலமானால் ரொறன்ரோவில் அப்போது வியாழன் மாலை ஐந்தரை. மகன் கனடியப் பிரஜை, கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்கிறது, இலங்கைக்கான இலத்திரனியல் பயண அனுமதி உடனே கிடைக்கிறது, அன்று இரவு 10 மணி விமானத்தில் இடமும் இருக்கிறது என்று வையுங்கள். 13 மணித்தியாலம், 4 மணித்தியால இடைத்தங்கல், இன்னொரு 4 மணித்தியாலச் சொச்சம். சனி காலை 6 மணியளவில் கட்டுநாயக்க. அழைப்பு வந்து 26 மணித்தியாலம். இதுதான் ஆகக் குறைந்த அளவு. அந்த விமானத்தில் இடம் இல்லையென்றால் ஞாயிறு காலை. உடலை மலர்ச்சாலையில் பதப்படுத்தி வைத்திருந்து, ஞாயிறு பின்னேரம் அல்லது திங்கள் எடுப்பது என்று கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் முடிவெடுப்பது இதனால்தான். மரண அறிவித்தல்களில் திகதி பிந்தி வருவதற்கும் இதுவே காரணம். அதற்கும் வர முடியாதவர் எட்டுக்கோ அந்தியேட்டிக்கோ வருவார்.

எதிர்த்திசையில் இந்தக் கணக்கு போடவே முடியாது. கனடாவில் மகன் இறந்து வெள்ளவத்தையில் தாய் இருந்தால், அவரிடம் ஏற்கெனவே கனடா வீசா இல்லையென்றால், விண்ணப்பம், விரலடையாளம், முடிவு என்று போகும். 26 மணித்தியாலத்தில் அது முடிவதில்லை. ஒரே வானம், ஒரே தூரம்தான். போகும் திசையும் கடவுச்சீட்டின் நிறமும் மட்டும்தான் வேறு.

வர முடியாத தூரம்

இன்னும் ஒரு பிரிவினர் உண்டு. எல்லோரும் கட்டுநாயக்கவால் போகவில்லை. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். 2009 ஒக்டோபரில் ‘ஓஷன் லேடி’ கப்பலில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தார்கள். ‘சன் சீ’யில் வந்தவர்களுக்குக் கடலிலேயே மாதக்கணக்கானது.

அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கனடா கொடுக்கும் பயண ஆவணத்தில், தப்பி வந்த நாட்டுக்குப் போக முடியாது. நிரந்தர வதிவிடம் கிடைத்தபின்னும் சிக்கல் தீர்வதில்லை. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அகதிப் பாதுகாப்புப் பெற்ற ஒருவர் பிரஜாவுரிமை எடுக்குமுன் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தாலோ இலங்கைக்குத் திரும்பிப் போனாலோ, பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அரசு வழக்கு வைக்கலாம். அதில் தோற்றால் அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் போகும்.

என் அம்மம்மா 2015இல் வெள்ளவத்தையில் இறந்தார். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். இளைய மாமா ஸ்காபரோவில் இருந்தார். வதிவிட அட்டை இருந்தது, பிரஜாவுரிமை இன்னும் வரவில்லை. டிக்கெட் காசு கையில் இருந்தது. அன்றிரவு விமானத்தில் இடமும் இருந்தது. வழக்கறிஞர் ஒருவர் போக வேண்டாம் என்றார். லண்டனிலிருந்து பெரிய மாமா வந்து கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தார். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே காலை ஆறரை மணி. மாமா வேலைக்குப் போகும் உடுப்போடு திரையில் இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் இடையில் அன்று இருந்தது 14,000 கிலோமீற்றரல்ல, ஒரு அட்டை.

சீட்டு எடுக்குமுன்

வயதான பெற்றோர் இங்கேயும் பிள்ளைகள் அங்கேயும் உள்ள குடும்பங்கள், அவசரம் வருமுன் பார்த்து வைக்க வேண்டியவை இவை.

1. இரு பக்கத்திலும் கடவுச்சீட்டுகளின் முடிவுத் திகதி. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள்.

2. பெற்றோருக்குக் கனடா வீசா எடுக்கும் யோசனை இருந்தால் தேவை வருமுன் விண்ணப்பியுங்கள். பெற்றோர், தாத்தா பாட்டிமாருக்கான சுப்பர் வீசா 2011 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2022 ஜூலைக்குப் பிறகு ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம்.

3. மாறும் நகரத்துக்கு இடைமாறல் வீசா வேண்டுமா என்பதை விமான சேவையிடமும் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையத்தளத்திலும் பாருங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது.

4. இரு கட்டப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கட்டும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது விமான சேவையுடையது. தனித்தனிச் சீட்டானால் நட்டம் உங்களுடையது.

5. முதியவர் தனியே போனால் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைத்தங்கலைத் தவிருங்கள். சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேளுங்கள். அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை.

6. அங்கே அகதிப் பாதுகாப்போடு, பிரஜாவுரிமை இல்லாமல் இருப்பவர், என்ன அவசரமானாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் இலங்கைக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம். பிரஜாவுரிமைக்குத் தகுதி வந்த அன்றே விண்ணப்பியுங்கள். மாமா தன் கனடியக் கடவுச்சீட்டோடு வந்தது அம்மம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திவசத்துக்கு.